ஒரு பக்கம் ஹைட்ரா, ஒரு பக்கம் கடற்பசு

ஜூலை 8, திங்கள்

துறைத்தலைவி நவமணி மேடத்துக்கு இன்று ஒரு யோசனை வந்துவிட்டது. அவருக்கு யோசனை வந்தால் வேலை எனக்கு வரும். ஆகஸ்ட் கடைசியில் கல்லூரியில் கண்காட்சியாம். தலைப்பு கடற்பசுப் பாதுகாப்பு. நம் கரையோரத்தில்தான் அந்தப் பிராணி மேய்கிறது, வனத்துறையிலிருந்தும் ஆள் வருவார்கள், செய்ய வேண்டியதுதான். சரி என்று தலையை ஆட்டினேன்.

"ஆனா உயிரோட எதையாச்சும் காட்டணும் எழில். வெறும் படத்த ஒட்டி வச்சா பிள்ளைங்க செல்ஃபி எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

கடற்பசு மூன்று மீட்டர் நீளம். எடை நானூறு கிலோவுக்குக் குறையாது. எங்கள் ஆய்வகத்தில் உயிரோடு இருப்பது ஹைட்ரா ஒன்றுதான். தாமரைக் குளத்துப் பாசியோடு வந்தது, நூல் பிசிறு அளவு, லென்ஸ் வைத்தால்தான் கை தெரியும். அதைச் சொன்னேன்.

"அப்ப அதையே வை. ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு சார்ட் போடு. புதுசா இருக்கும்ல."

யானையையும் எறும்பையும்கூட ஒப்பிட்டுவிடலாம், இரண்டுக்கும் காலாவது உண்டு. இருபது வருடமாக விலங்கியல் நடத்துகிறேன், இப்படி ஒரு ஜோடியை யாரும் என் தலையில் கட்டியதில்லை.

மாலையில் மணிமொழி போன் செய்தாள். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறதாம். இரத்த அழுத்தம் பார்த்தாளா என்று கேட்டேன், பார்த்தாளாம். அவள் என் தங்கை. கட்டுமாவடியில் இருக்கிறாள், இது ஒன்பதாவது மாதம். இரண்டு பெண்களுக்குப் பிறகு நினைக்காமல் வந்த மூன்றாவது. பிறக்கப்போகும் குழந்தை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் என்று பேச்சு. நானாகக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். அதை இங்கே எழுதி வைப்பது நல்லது என்று படுகிறது.

ஜூலை 11, வியாழன்

சார்ட்டை நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தேன். இடப் பக்கம் ஹைட்ரா, வலப் பக்கம் கடற்பசு.

ஹைட்ராவுக்கு மூளை கிடையாது, இரத்தம் கிடையாது, மூச்சு விடத் தனி உறுப்பு கிடையாது. தின்பதும் துப்புவதும் ஒரே வாயால். உடம்பின் ஓரத்தில் ஒரு மொட்டு முளைக்கும், அதற்குக் கை முளைக்கும், இரண்டு மூன்று நாளில் கழன்று தன் வழியே போகும். ஆணும் வேண்டாம், நாளும் பார்க்க வேண்டாம். துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழுசாக வளரும். முதுமையே இல்லை என்றுகூடச் சொல்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் சில சமயம் எரிச்சலாக வரும்.

கடற்பசு கடலில் இருந்தாலும் நம் மாதிரி நுரையீரல்காரி. சில நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். சினைக் காலம் ஒரு வருடத்துக்கும் மேல். ஒரு தடவைக்கு ஒரே ஒரு குட்டி. அடுத்தது வர ஐந்தாறு வருடம்கூட ஆகலாம். பால் காம்பு துடுப்புக்கு அடியில், கிட்டத்தட்ட அக்குள் பக்கம். புல் தின்னக் கற்றுக்கொண்ட பிறகும் குட்டி ஒன்றரை வருடம் வரை பால் குடிக்கும்.

வலப் பக்கம் நிரம்பி வழிகிறது, இடப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி மாணவி பெனாசிரிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

பால் பாட்டில் வாங்கப் போனேன். கடைக்காரர் நல்லதாக எடுத்துக் காட்டினார். மூடி இப்படித் திறக்கும், கொதிக்கிற நீரில் இத்தனை நேரம் போட வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தார். பொட்டலம் கட்டும்போது, "பேரனா, பேத்தியாம்மா?" என்றார்.

எனக்கு நாற்பத்து நான்கு. முன்பக்கம் நரை இருக்கிறது, சாயம் பூசுவதில்லை. இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பணம் கொடுத்து வந்தேன். வீட்டில் இவரிடம் சொன்னதற்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ஏனோ கோபம் வந்து பாத்திரத்தை எல்லாம் சத்தமாகக் கழுவினேன்.

ஜூலை 20, சனி

தொட்டிலுக்காக அடித்த கொக்கி தாங்குமா என்று பார்க்க இவர் அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். மின்வாரியத்து இன்ஜினியர், எதையும் சோதிக்காமல் நம்ப மாட்டார். தாங்குகிறது.

ஜூலை 27, சனி

கட்டுமாவடி போய் வந்தேன். மணிமொழி கொல்லையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு இது எதற்கு என்று திட்டி, நான் அரிவாள்மனையை வாங்கினேன். எனக்கு இரண்டு மீனுக்கு மேல் ஓடவில்லை. அவளே திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய நாத்தனார் வீரம்மா வந்திருந்தார். பிரசவம் முடிந்து எல்லாம் ஒழுங்காகும் வரை அங்கேதான் இருப்பாராம். எல்லாவற்றையும் அவர்தான் முடிவு செய்கிறார்; மணிமொழி புருஷனும் அக்கா சொல்லைத் தட்ட மாட்டார். நல்ல மனுஷிதான், ஆனால் பேச்சில் வாழைத்தண்டு வெட்டுகிற மாதிரி ஒரு சுத்தம்.

"டீச்சரு, ஒரு விசயம். பொறந்த ஒடனே டப்பா பால்தான். இவ மாருல வைக்கவே கூடாது. வச்சா பாசம் ஒட்டிக்கும், அப்பறம் ஒங்களுக்கும் சங்கடம், இவளுக்கும் சங்கடம்."

மணிமொழி அடுத்த மீனை எடுத்தாள். நான்தான் கேட்டேன், "உனக்குச் சம்மதமாடி? இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல."

"நாந்தானேக்கா சொன்னேன். எனக்கு ரெண்டு கெடக்கு. ஒனக்கு ஊசி குத்தி ஊசி குத்தி ஒடம்பே ஓட்டையாப் போச்சு. வச்சுக்கக்கா." மீனின் செதிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

இவர் பெயர் தேர்ந்தெடுத்துவிட்டார். பையன் என்றால் இன்பவாணன், பெண் என்றால் இசைவாணி. நான் எந்தப் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. சுகப்பிரசவம்.

செய்தி வந்தபோது நான் ஹைட்ராவுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தேன். இரை என்பது உப்புத் தண்ணீரில் பொரிக்க வைக்கும் பொடி இறால் குஞ்சு. வலையில் வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, பிறகுதான் போட வேண்டும். ஹைட்ராவுக்கு உப்பு எமன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்வது இது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அலசாமல் அப்படியே எல்லாத் தட்டிலும் ஊற்றியிருக்கிறேன். மதியம் பெனாசிர் வந்து பார்த்து, "மேம், எல்லாம் உருண்டை உருண்டையாச் சுருங்கிக் கெடக்கு, யாரு மேம் செஞ்சது?" என்றாள்.

யாரோ என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர மதியமாகிவிட்டது.

மணிமொழி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். குழந்தை வீரம்மா மடியில். என் கையில் கொடுத்தார். சிவப்பாக, நெற்றியெல்லாம் பூனைமுடியோடு, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். கனமே இல்லை. அரிசி மூட்டையைத் தாங்கிய கொக்கிக்கு இது ஒரு பொருட்டா என்று நினைத்தேன்.

பக்கத்துக் கட்டிலுக்கு வந்த நர்ஸ் எங்களைப் பிடித்துக்கொண்டார். "நேத்து பொறந்தது. இன்னும் தாய்ப்பால் குடுக்கல. சீம்பால பிழிஞ்சி கீழ ஊத்திட்டு டப்பா பால் கலக்குறீங்க. படிச்சவங்க யாருமே இல்லையா இந்தக் கூட்டத்துல?"

வீரம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? முதல் பாலில் என்னென்ன இருக்கிறது என்று வருடா வருடம் பலகையில் எழுதிப் போடுகிறவள். எழுதிப் போட்டுவிட்டு, அதே பாலை என் மகளுக்கு இல்லை என்று சொல்லவா? "மூணு நாள் மட்டும் குடு மொழி" என்றேன். என் மகள் என்று இங்கே எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை.

"மூணு நாள்தானாக்கா?"

"மூணு நாள்."

அவள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். குழந்தை தேடிப் பிடித்த வேகத்தைப் பார்த்து நர்ஸே சிரித்துவிட்டார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

குழந்தைக்கு லேசாக மஞ்சள். பயப்பட ஒன்றுமில்லை, அடிக்கடி பால் கொடுத்தால் இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். மஞ்சள் இறங்கும் வரை கொடுக்கட்டும் என்று நானும் சொல்லிவிட்டேன். இது மருத்துவக் காரணம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மஞ்சள் போய்விட்டது. எடை இன்னும் பிறந்தபோது இருந்ததற்கு வரவில்லை. வந்த பிறகு மாற்றலாம் என்று போனில் சொன்னேன். வீரம்மா போனை வாங்கி, "ஒங்க இஷ்டம் டீச்சரு. நீங்க படிச்சவுக" என்றார். அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

உப்பில் சுருங்கிய ஹைட்ராக்களில் பாதி பிழைத்துவிட்டன. உருண்டையாகக் கிடந்ததிலிருந்து கை முளைத்து, நீண்டு, இன்று ஒன்றில் மொட்டுகூட வந்திருக்கிறது. வெட்கமே இல்லாத ஜென்மம்.

மாலை கட்டுமாவடி. குழந்தை நன்றாக ஏறியிருக்கிறாள், மூன்று கிலோவைத் தாண்டிவிட்டாள். கன்னம் தொங்குகிறது. அந்த வீட்டில் அவளைக் குட்டிம்மா என்று கூப்பிடுகிறார்கள். மூத்த பெண்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பையை எறிந்துவிட்டு முதலில் அவளிடம்தான் ஓடுகிறார்கள். நான் வாங்கிப் போன கவுன் தோளில் இறுக்கமாக இருந்தது. அளவு தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

எடை வந்துவிட்டதே, எப்போது அழைத்துப் போகிறீர்கள் என்று வீரம்மா கேட்டார். கண்காட்சி முடியட்டும், விடுப்பு எடுக்க வேண்டும், நாற்பது நாளும் ஆகட்டும் என்றேன்.

கிளம்பும்போது மணிமொழி வாசல் வரை வந்தாள். "நீ நாளத் தள்ளிக்கிட்டே போறக்கா. நல்லதுக்குத்தான் சொல்றன்னு தெரியுது. ஆனா எனக்குல்ல பழகிப்போவுது."

முகத்தில் கோபம் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பஸ் ஏறினேன். எனக்குப் பயமாக இருந்தது. எதற்கு என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை, இப்போதும் வேண்டாம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கண்காட்சி. கூட்டம் பரவாயில்லை. நவமணி மேடம் பட்டுச் சேலையில் வந்திருந்தார். வனத்துறை அதிகாரி என் சார்ட் முன் நின்று நிதானமாகப் படித்து, "வித்தியாசமா இருக்கு மேடம்" என்றார். பாராட்டா கேலியா என்று தெரியவில்லை, நன்றி சொன்னேன்.

பெனாசிர் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஹைட்ரா மொட்டு விட்டா ரெண்டு மூணு நாள்ல அது பிரிஞ்சி போயிடும். தாய்க்கும் பிள்ளைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. பக்கத்துலயே கெடந்தாலும் தெரியாது. கடற்பசு அப்படி இல்ல. குட்டி தாய ஒட்டியே நீந்தும். ரெண்டும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசிக்கும்."

மீன் விற்கிற பெண் ஒருவர், கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்தவர், கேட்டார். "குட்டியப் பிரிச்சா தேடுமா?"

பெனாசிர் என்னைப் பார்த்தாள். நவமணி மேடமும் பார்த்தார்.

"அதுக்குப் போதுமான ஆராய்ச்சி இல்ல" என்றேன்.

"இதுக்கு என்னம்மா ஆராய்ச்சி" என்று அந்தப் பெண் போய்விட்டார். பெனாசிர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தப் பெண்ணுக்கு உள்மதிப்பெண்ணில் ஒன்றைக் குறைக்கலாம் என்று தோன்றியது. குறைக்க மாட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

விடுப்பு கிடைத்துவிட்டது. புரட்டாசி பிறக்கும் முன் பதினைந்தாம் தேதி ஞாயிறு நல்ல நாள் என்று வீரம்மா பார்த்துச் சொல்லிவிட்டார். இனி நாள் மாற்றம் இல்லை என்று நானே சொன்னேன்.

செப்டம்பர் 14, சனி

இவர் தொட்டில் கட்டிவிட்டார். என் பழைய நூல் சேலையைத்தான் கேட்டார். பால் பொடியை எப்படி அளப்பது, எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். வெந்நீரில் கலக்கி, புறங்கையில் சொட்டு விட்டுப் பார்த்து, கலக்கிய பாலைத் தானே குடித்தார். "நல்லாத்தான் இருக்கு எழில்" என்றார். மனிதர் இவ்வளவு பேசி நான் கேட்டு வருடமாகிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையில் வாடகைக் கார் வைத்துப் போனேன். வரவேற்க வீட்டில் ஆள் வேண்டும் என்று இவர் இருந்துகொண்டார். பையில் பாட்டில், ஃபிளாஸ்க், பால் டப்பா, துண்டுகள், பெரிய அளவில் வாங்கிய கவுன்.

மணிமொழி வீட்டுக்குள் நுழைந்ததும் மல்லிகை வாசம். நல்ல நாள் என்று பூ வாங்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் தலையைப் பார்த்தேன், பூ இல்லை. பெண்கள் இரண்டு பேர் தலையிலும் இல்லை. பெரியவள் என்னைப் பார்த்ததும் தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுத் தயாராக வைத்திருந்தாள் மணிமொழி. துணிகளைத் துவைத்து மடித்து ஒரு மூட்டையாகக் கட்டியிருந்தாள். "விடிஞ்சதுலேருந்து நான் குடுக்கல. சர்க்கர தண்ணிதான். பசியா இருந்தாத்தான் பாட்டில எடுப்பா" என்று குனிந்து குழந்தையை என் மடியில் வைத்தாள்.

வாசம் அவள் ரவிக்கைக்குள்ளிருந்து வந்தது.

பால் வற்றுவதற்கு மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். வகுப்பில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டுவேன்: நாட்டு வழக்கம், ஓரளவு பலன் உண்டு. கட்டியிருக்கிற ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது இல்லை.

"எப்பக் கட்டின?"

"விடியக்கால. அண்ணிதான் கட்டிவிட்டாவ."

"வலிக்குதா?"

"கல்லு மாரி கெடக்கு. ரெண்டு நாள்ல பாலு செத்துருமாம். நீ பாலக் கலக்குக்கா, அழப் போறா."

அழுதாள். நான் கலக்கினேன். இவர் எழுதி ஒட்டிய கணக்குப்படியே கலக்கினேன். காம்பை உதட்டில் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள், தலையைத் திருப்பினாள், மறுபடி வைத்தேன், பிடித்துக்கொண்டாள். உறிஞ்சினாள். என் மடியில் கிடந்து, என் விரலைப் பிடித்துக்கொண்டு, என் கையால் குடித்தாள். இத்தனை வருடத்தில் நான் வேண்டியதெல்லாம் இது ஒன்றுதான். அது கிடைத்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"குடிக்கிறா பாருக்கா" என்றாள் மணிமொழி. எனக்காக உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னாள். நான் நிமிர்ந்தேன். அவள் ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்து, சேலைக்கு வந்து, சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தை அழுத அழுகைக்கு அந்தப் பூ ஒன்றும் செய்யவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றாள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாளே, அதே மாதிரி.

பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தேன்.

"பூவ அவுருடி."

"ஏங்க்கா?"

"அவுருன்னா அவுரு."

வீரம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "டீச்சரு, நாளைக் கழிச்சா புரட்டாசி பொறந்துரும்."

"பொறக்கட்டும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நல்ல மனுஷி என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

சரம் பழுத்து, நசுங்கி, இதழ்கள் தோலோடு ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாக நான்தான் எடுத்தேன். வெந்நீர் ஃபிளாஸ்க்கில் இருந்தது, துண்டை நனைத்து ஒத்தடம் கொடுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு குழந்தையை அவள் கையில் வைத்தேன். முதல் மடக்கில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வலியாகவும் இருக்கும்.

"எத்தன நாளைக்கிக்கா?" என்றாள். கேட்கும்போதே குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"இனிமே நாள் கெடையாது மொழி. அவ இங்கயே இருக்கட்டும்."

"அப்ப நீ?"

கவுனை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன், மற்றதைப் பைக்குள் போட்டேன்.

வரும் வழியெல்லாம் அழுதேன். டிரைவர் ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டு முன்னால் பார்த்து ஓட்டினான். இவருக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

கார் சத்தம் கேட்டு இவர் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். சட்டையெல்லாம் மாற்றி, தலை சீவியிருந்தார். வெயில் படக்கூடாது என்று தோளில் ஒரு துண்டு. கதவைத் திறந்து, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி நீட்டினார்.

பையைக் கொடுத்தேன்.